அழுத்து

சத்துவாச்சாரி, மாடி அறை, மே மாதம்.
மின்விசிறி அனலையே வாரி வாரி இறைக்கிறது.
காலையிலிருந்து எழுதியது ஒரே வரி:
"பொத்தானை அழுத்தும்."

படிக்கப்போவது மனிதரில்லை.
பிரவுசரைத் தானே ஓட்டும் ஒரு ஏஜென்ட்.
அதற்கு விரல் கிடையாது.
அழுத்து, தட்டச்சு செய், நகர்த்து, படமெடு என்று
நான் பெயரிட்டு அடுக்கிய கருவிகள்தாம் விரல்.
ஒவ்வொன்றின் கீழும் நான் எழுதும் நாலு வரிதான்
அந்த விரலுக்கு நரம்பு.

போன செவ்வாய்க்கிழமை,
காந்தி ரோட்டில் பெங்காலிப் பலகை மாட்டிய லாட்ஜிலிருந்து
அசன்சோல் நிர்மல் மண்டலுக்கு
ரத்தப் பரிசோதனை டோக்கன் ஒன்று கேட்டார்கள்.
அழுத்தியது.
பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது.
ஒன்றும் மாறவில்லை, மறுபடி அழுத்தியது.
மறுபடி.
மறுபடி.
பதினாலு, பதினைந்து, பதினாறு, பதினேழு:
நாலு டோக்கன், ஊசிக்கு நீட்ட ஒரே கை.
பின்னால் நின்ற மூன்று பேர்
வெறும் வயிற்றோடு வெயிலில் திரும்பினார்கள்.

ஷம்ஷாத் பதிவுகளை வரிவரியாகப் பார்த்தாள்.
"அது மேல தப்பே இல்ல.
அழுத்தும்னு எழுதின. அழுத்திச்சி."

அடித்துவிட்டு எழுதினேன்:
"ஒரே ஒரு முறை அழுத்தும்.
பக்கம் வந்து சேரும்வரை இது காத்திருக்காது;
அதற்குக் 'காத்திரு' இருக்கிறது.
அழுத்தியது பலித்ததா என்று இது சொல்லாது;
தெரியவேண்டுமென்றால் திரையைப் படமெடுத்துப் பார்.
மறைந்திருக்கும் பொத்தான் இதற்கு எட்டாது.
பணமோ தேதியோ ஒருவர் பெயரோ இருக்கும் பக்கத்தில்
இரண்டாம் முறை அழுத்துமுன்
ஆளைக் கேள்."

"செய்றது ஒரு வரி, செய்யாதது எட்டு வரியா?"
ஷம்ஷாத் சிரித்தாள்.

நம்ம ஊரையே அப்படித்தானே சொல்கிறார்கள் என்றேன்.
தண்ணியில்லாத ஆறு,
மரமில்லாத மலை,
ராசா இல்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில்.
பெண்களைப் பற்றி இன்னொன்றும் உண்டு.
அவள் முறைத்தாள். விட்டுவிட்டேன்.
வேண்டாததை விடுவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

கேலிக்காகச் சொன்னதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இல்லை, யாரோ விவரம் தெரிந்த ஆள்:
காட்பாடியில் ரயிலிறங்கும் அயலூர்க்காரன்
குடத்தோடு பாலாற்றுக்கு நடந்துவிடக் கூடாதே என்று
இல்லாததை முதலில் சொல்லிவைத்தவர்.

"ஆனா அது பழைய விவரம்" என்றாள் ஷம்ஷாத்.
உண்மைதான்.
கோயிலுக்குச் சாமி திரும்பி எவ்வளவோ வருடமாயிற்று.
ஒரு கார்த்திகையில் பாலாறு
பாலத்தின் காலைப் பிடித்து உலுக்கியது.
சொலவடையை நம்பி
மணலில் ஆட்டோவை விட்டுவந்த எங்கள் தெரு சகாயராஜ்
மூன்றாம் நாள் அதை
முள்ளுக்காட்டில் தலைகீழாகக் கண்டார்.
அன்றைக்கும் யாரும் அந்த வரியைத் திருத்தவில்லை.

எழுதியதன் கீழே தேதி போட்டேன்.
பொத்தானின் பெயர் மாறினால் இந்தப் பத்தி பொய்யாகும்
என்றும் ஒரு வரி.

ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனேன்.
காலையில் பதிவைத் திறந்தால்
அழுத்தியிருந்தது, ஒருமுறை.
படமெடுத்திருந்தது.
ஆஸ்பத்திரியின் பக்கம் படுத்துக் கிடந்திருக்கிறது.
அப்புறம்
காத்திரு
காத்திரு
காத்திரு
என்று விடியும்வரை, ஆறு மணி நேரம்,
முகம் சுளிக்காமல்.

எவ்வளவு நேரம் என்று நான் சொல்லவில்லை.

ஷம்ஷாத் வருவதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.
"முப்பது நொடி காத்திருக்கும்.
அதற்கு மேலும் பக்கம் வராவிட்டால்"

கரண்ட் போய்விட்டது.
வராவிட்டால் என்ன செய்வது என்று
எனக்கும் இன்னும் தெரியாது.